ஒரே ஆசனத்தில் மூன்று சாரதிகள்

விளையாட்டுத் துறையில் கீர்த்தி என்பது பெரும்பாலும் ஒற்றை மனிதனைத் தேடிச் செல்லும் இயல்புடையது. பதினொருவர் கூடி ஆடி ஜயித்த கிரிக்கெட் பந்தயத்திலும், மறுநாள் பத்திரிகை ஒருவனுடைய படத்தையே பெரிதாக வெளியிடுகிறது. மோட்டார் பந்தயத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். தலைக்கவசம் அணிந்து, ஒருவர் மாத்திரமே அமரக்கூடிய வண்டியில் ஏறி, உயிரைத் துச்சமாக மதித்து விரையும் வீரனைக் காட்டிலும் தனிமனிதப் பெருமைக்கு உகந்த சித்திரம் வேறொன்று இருக்க முடியாது என்பதே பொதுஜன அபிப்பிராயம். ஆயினும், அந்த மோட்டார் பந்தயத்திலேயே நீண்டநேரப் பந்தயம் என்று ஒரு கிளை உண்டு. அதில் உலகம் கண்ட மிகப் பெரிய சாதனைக்கு உரியவர் டென்மார்க் தேசத்து டாம் கிறிஸ்டென்சன். பிரான்ஸில் நடைபெறும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 9 முறை ஜயித்தவர். அந்த ஒன்பதில் ஒன்றைக்கூட அவர் தனியாக ஜயித்ததில்லை. வெவ்வேறு ஆண்டுகளில் அவருடன் வெற்றியைப் பங்கிட்டுக்கொண்ட சகாக்கள் 11 பேர். தன் கையில் இருப்பதைப் பழுதில்லாமல் அடுத்தவன் கையில் ஒப்படைப்பதே ஒரு தொழிலின் சிகரமாக இருக்கக்கூடும் என்பதற்கு, இந்த மனிதருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான சாட்சியம் விளையாட்டு உலகில் கிடைப்பது அரிது.

லெ மான் பாரிஸ் நகரத்துக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். கார்களின் உழைப்புத் திறனையும் அவற்றின் விளக்குகளின் தரத்தையும் பரீட்சித்துப் பார்க்கும் நோக்கத்துடன் 1923-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே முதல் பந்தயம் நடைபெற்றது. சனிக்கிழமை பிற்பகலில் தொடங்கி, இரவு முழுவதும் நிற்காமல் சென்று, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முடியும் அந்தப் பந்தயத்தில், குறித்த காலத்துக்குள் அதிக தூரம் சென்ற வண்டிக்கே ஜயம். சுற்றுப் பாதையின் நீளம் 13.6 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி, வருஷத்தின் மற்ற நாட்களில் ஊரார் காய்கறி வாங்கவும் வேலைக்குப் போகவும் பயன்படுத்தும் சாதாரணச் சாலை. அந்தச் சாலையில் 6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்வழி உண்டு. 1988-இல் ஒரு வண்டி அங்கே மணிக்கு 405 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 1990-இல் அந்த நேர்வழியின் இடையே இரண்டு வளைவுகளை அமைத்து வேகத்துக்குக் கடிவாளம் இட்டார்கள். இருந்தும் 2010-ஆம் ஆண்டு ஜயித்த வண்டி 397 சுற்றுகள், அதாவது 5,410 கிலோமீட்டர் தூரம் ஓடியது. ஒரு பகலின் பாதி, ஓர் இரவு, மறு பகலின் பாதி என்ற கால அளவில் இத்தனை தூரத்தை ஒரு மனிதன் ஓட்டித் தீர்ப்பது ஆகாத காரியம் என்பதனால், ஒரு வண்டிக்கு மூன்று ஓட்டுநர் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேலும், மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேலும் ஒருவர் ஓட்டலாகாது என்பது விதி.

இந்த விதிகள் ஏற்படுவதற்கு முன்பு, தனியொருவனாகவே இதைச் சாதித்துவிடலாம் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். 1952-ஆம் ஆண்டில் பியர் லெவெக் என்ற பிரெஞ்சுக்காரர் தம் சொந்தச் செலவில் டால்போ வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். மாற்று ஓட்டுநராக மார்ஷான் என்பவர், வண்டிகள் நின்று எரிபொருளும் டயரும் பெறும் இடமான பிட்டில் தயாராகக் காத்திருந்தார். ஆனால் லெவெக் ஆசனத்தைவிட்டு இறங்க மறுத்துவிட்டார். இரவு கழிந்தது, பொழுது விடிந்தது. மெர்சிடிஸ் கம்பெனியின் பலம் பொருந்திய படையைப் பல சுற்றுகள் பின்னே தள்ளிவிட்டு அவர் ஒருவரே முன்னால் சென்றுகொண்டிருந்தார். முடிவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமே எஞ்சியிருந்த வேளையில் எஞ்சின் உடைந்து வண்டி நின்றது. வெற்றி மெர்சிடிஸுக்குப் போயிற்று. களைப்பின் மிகுதியால் கியர் மாற்றுவதில் நேர்ந்த பிசகு என்று சிலரும், எஞ்சினில் முன்னமே இருந்த கோளாறு என்று சிலரும் சொன்னார்கள். காரணம் எதுவாயினும், அந்த 23 மணி நேரச் சாகசத்தை மெச்சாத மனம் இராது. அந்தச் சாகசத்தில் வீற்றிருந்த அகங்காரத்தை உணராமல் இருப்பதும் சரியன்று. காத்திருந்த சகாவுக்கு இரண்டு மணி நேரம் இடம் கொடுத்திருந்தால், லெவெக்கின் பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கக்கூடும்.

கிறிஸ்டென்சன் 1967-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டென்மார்க்கின் ஹோப்ரோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பெட்ரோல் நிலையம் நடத்தியவர், தாமும் பந்தயங்களில் கலந்துகொண்டவர். சிறு வயதில் கார்ட் வண்டியில் தொடங்கிய மகன், 1991-இல் ஜெர்மனியிலும் 1993-இல் ஜப்பானிலும் பார்முலா த்ரீ சாம்பியன் பட்டம் பெற்றார். அந்தத் தகுதிகளை உடைய இளைஞன் அடுத்தபடி எதிர்பார்ப்பது பார்முலா ஒன் கதவு திறப்பதைத்தான். அவர் விஷயத்தில் அந்தக் கதவு சோதனை ஓட்டுநர் என்ற அளவுக்கு மேல் திறக்கவில்லை. திறமைக்கு ஈடாகப் பணமும் ஆதரவாளரும் வேண்டும் என்ற அந்த உலகத்தின் நியதிப்படி, அவரைப் போன்ற பலர் முப்பது வயதை நெருங்குகையில் சலிப்புற்று ஒதுங்கிவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட தருணத்தில், 1997-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, யோஸ்ட் குழுவினர் ஒரு வண்டியில் காலியாயிருந்த இடத்துக்கு அவரை அழைத்தார்கள். ஃபெராரியில் ஓட்டிப் புகழ் பெற்ற மிக்கேல் அல்போரெட்டோ, ஸ்டெஃபான் யோஹான்சன் என்ற இரு மூத்தவர்கள் அவருக்குத் துணையாக அமைந்தார்கள். அந்தப் பாதையை அதற்கு முன் அறியாத இளைஞர், பந்தயத்தின் அதிவேகச் சுற்றைத் தம் பெயரில் பதிவு செய்தார், மூவரும் ஜயித்தார்கள். பார்முலா ஒன்றின் வாசலிலேயே நின்றுவிட்டிருக்க வேண்டிய ஒரு ஜீவிதம் அன்று வேறு பாதைக்குத் திரும்பியது.

இந்தத் தொழிலின் நுட்பம் என்ன என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஒரு டாங்கி எரிபொருள் தீரும்வரை ஓட்டுவதை ஸ்டின்ட் என்பார்கள். சுமார் முக்கால் மணி நேரம். நல்ல ஓட்டுநர் ஒரே தொகுதி டயர்களில் மூன்று, நான்கு ஸ்டின்ட்களைத் தொடர்ந்து ஓட்டுவார். டயர் மாற்றாமல் புறப்படும் ஒவ்வொரு முறையும் பிட்டில் பல வினாடிகள் மிச்சமாகும். ஆனால் அப்படி ஓட்டுவதற்கு, தேய்ந்துகொண்டே வரும் ரப்பரின் மனப்போக்கை உள்ளங்கையாலும் முதுகெலும்பாலும் அறிந்து, அதற்கேற்பத் திருப்பங்களில் பலத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்லும் விவேகம் தேவை. அதே பாதையில் வெவ்வேறு வகுப்பைச் சேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. வேகம் குறைந்தவற்றைப் பகலிலும் இருளிலும் மழையிலும் ஓயாமல் தாண்டிச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும், இந்த இடத்தில் தாண்டினால் இரண்டு வினாடி லாபம், காத்திருந்தால் வண்டிக்கு க்ஷேமம் என்ற கணக்கை இமைப்பொழுதில் போட வேண்டும். ஆசனமும் ஸ்டீயரிங்கும் மிதிகளும் மூவருடைய உடல்வாகுக்கும் ஒருவாறு பொருந்தும்படி அமைக்கப்படுவதனால், ஒருவருக்கும் அது பூரணமாகப் பொருந்துவதில்லை. பிரேக்கின் தன்மையும் ஸ்பிரிங்குகளின் இறுக்கமும் அவ்வாறே. மூவருடைய ருசிக்கும் இடையிலான சமரசம். தனக்குப் பிடித்த அமைப்பைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்குபவன் தன் ஸ்டின்ட்டில் வேகமாகச் செல்லலாம். மற்ற இருவரும் அதனால் இழக்கும் வினாடிகள் அவனுடைய லாபத்தை விழுங்கிவிடும்.

ஓட்டுநர் மாறும் காட்சியும் கவனிக்கத்தக்கது. மணிக்கணக்காக அந்தச் சிறு கூண்டுக்குள் வெந்து, வியர்வையில் நனைந்து வெளியே வருபவர் ஓய்வறைக்கு ஓடிவிடுவதில்லை. உள்ளே நுழையும் சகாவுக்குப் பெல்ட் மாட்ட உதவிவிட்டே விலகுகிறார். பிறகு பாதையில் எங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறது, எந்த வளைவில் ஈரம் காயவில்லை, பிரேக்கின் மிதி எவ்வளவு ஆழம் போகிறது என்பவற்றை எல்லாம் பொறியாளரிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். தான் செய்த தவறையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதையின் விளிம்பில் ஏற்றிய ஓர் அதிர்ச்சியை மறைத்தால், அதன் பலன் அடுத்தவன் முழு வேகத்தில் செல்லும்போது அவன் தலையில் விடியும். சல்லியனைச் சாரதியாகப் பெற்ற கர்ணன் பட்ட பாட்டைப் பாரதத்தில் படித்திருக்கிறோம். அங்கே வில்லிலும் குறையில்லை, தேரிலும் குறையில்லை. உடனிருந்தவனுடைய மனம் பொருந்தாமையே பெருங்குறையாக முடிந்தது. லெ மானில் வேகமான வண்டியும் வேகமான ஓட்டுநர்களும் இருந்தும் தோற்ற குழுக்களில் பலவற்றுக்கு இந்த நோயே காரணம்.

இனி கிறிஸ்டென்சனுடைய கணக்கைப் பார்ப்போம். 1997 முதல் 2014 வரை ஒரு வருஷமும் விடாமல் 18 முறை அவர் லெ மானில் ஓட்டினார். அவற்றுள் 4 முறை வண்டி பாதியில் நின்றது. முடிவுவரை ஓடிய 14 முறையும் அவர் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார்: 9 முதலிடம், 2 இரண்டாமிடம், 3 மூன்றாமிடம். அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்திலும் 6 முறை வெற்றி. 2000 முதல் 2005 வரை லெ மானில் தொடர்ச்சியாக ஆறு வெற்றி. பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ் 1982-இல் நிறுவிய 6 வெற்றி என்ற சாதனையை அவர் 2004-இல் எட்டி, 2005-இல் கடந்தார். வெற்றிகளின் பட்டியல் எவருக்கும் பிரமிப்பூட்டும். ஆனால் அவருடைய குணத்தை அறிய விரும்புகிறவன், தோல்வியுற்ற அந்த நான்கு பந்தயங்களைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

1998-இல் வண்டியின் சக்கரப் பகுதியில் ஏற்பட்ட கோளாறு காரணமாகக் குழுவே விலகிக்கொண்டது. மற்ற மூன்றின் கதை விசேஷமானது. 1999-இல் அவருடைய பி.எம்.டபிள்யூ. வண்டி பல சுற்றுகள் முன்னணியில் இருந்தது, ஜே.ஜே. லெஹ்டோ ஓட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரு பாகம் கழன்று வேகமிதியை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வண்டி சுவரில் மோதியது. 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜெர்மனியில் நேர்ந்த கடுமையான விபத்திலிருந்து தேறி லெ மானுக்கு வந்தார். பந்தயத்தின் இரண்டாம் நாள் காலையில் முன்னணியில் இருந்த அவர்கள் வண்டியின் சக்கரம் ஒன்று கழன்றோடியது. அப்போது ஓட்டியவர் ரினால்டோ கப்பெல்லோ. 2011-இல் முதல் மணி நேரத்திலேயே, மெதுவான வண்டி ஒன்றோடு உரசி அவர்களுடைய அவுடி தூள்தூளாயிற்று; ஓட்டியவர் ஆலன் மக்னிஷ். மூன்று முறையும் கிறிஸ்டென்சன் ஆசனத்தில் இல்லை. தன் உழைப்பு மற்றொருவன் கையில் நொறுங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்வது, இந்தத் தொழிலைத் தவிர வேறு எந்தப் பந்தயத் தொழிலிலும் காண அரிதான துக்கம்.

அதற்குப் பின் நடந்தது என்ன? லெஹ்டோவும் அவரும் 2005-இல் ஒரே வண்டியில் அமர்ந்து, இக்ஸின் சாதனையை முறியடித்த ஏழாவது வெற்றியைப் பெற்றார்கள். கப்பெல்லோவும் அவரும் சக்கரம் கழன்ற தோல்விக்கு அடுத்த ஆண்டே, 2008-இல், ஜயித்தார்கள். மக்னிஷும் அவரும் 2013-இல் ஜயித்தார்கள். அதே ஆண்டு உலக நீண்டநேரப் பந்தயச் சாம்பியன் பட்டத்தையும் பெற்றார்கள். எவர் கையில் தோல்வி நேர்ந்ததோ அவர்கள் ஒவ்வொருவருடனும் பின்னர் வெற்றியைப் பகிர்ந்துகொண்டார் என்பது தற்செயலான பொருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்ட சகாக்களால் மறுமுறை ஓர் இரவு முழுவதும் ஒருவர் உயிரை ஒருவரிடம் ஒப்படைத்து ஓட்ட முடியாது என்பது நிச்சயம்.

2008-ஆம் ஆண்டு வெற்றியைத் தனியே குறிப்பிட வேண்டும். அந்த ஆண்டு பியூஜோ வண்டிகள் தகுதிச் சுற்றில் அவுடியைவிடச் சுற்றுக்கு 5 வினாடியளவு விரைவாக ஓடின. 13.6 கிலோமீட்டர் பாதையில் சுற்றுக்கு 5 வினாடி என்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஒரு முழுச் சுற்றையே விழுங்கிவிடக்கூடிய வித்தியாசம். நேருக்கு நேரான போட்டியில் வெல்ல வழியே இல்லை என்று தோன்றிய நிலையில், அவுடி குழுவினர் மூன்று விஷயங்களை நம்பினார்கள்: பிட்டில் வீணாகாத நேரம், பழுதாகாத வண்டி, வரப்போகும் மழை. இரவில் மழை வந்தது. ஈரமான பாதையில் பியூஜோ தடுமாறியது. அவுடியின் மூவரும் மாறி மாறி ஓட்டி முன்னணியைக் கைப்பற்றினார்கள். இருபத்துநான்கு மணி நேரத்தின் இறுதியில் வித்தியாசம் நாலரை நிமிஷம்.

இவ்வளவும் சரி, எல்லாம் வண்டியின் சிறப்பும் கம்பெனியின் பணபலமும் தந்த பயனே என்று ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1999-க்குப் பிறகு மெர்சிடிஸ், டொயோட்டா, பி.எம்.டபிள்யூ. ஆகிய பெருங்கம்பெனிகள் லெ மானிலிருந்து ஒதுங்கிவிட, அடுத்த சில ஆண்டுகள் அவுடிக்குச் சமதையான எதிரி இல்லை. பீலா, பிர்ரோ என்ற சகாக்களுடன் கிறிஸ்டென்சன் 2000, 2001, 2002 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஜயித்ததை மதிப்பிடும்போது இதையும் நினைவில் வைப்பதே நேர்மை. ஆனால் 2003-இல் அவர் ஜயித்தது பெண்ட்லியில். 1930-க்குப் பிறகு அந்தக் கம்பெனிக்குக் கிடைத்த முதல் லெ மான் வெற்றி அது. 2004-இல் ஜப்பானியத் தனியார் குழு ஒன்றின் வண்டி. 2005-இல் அமெரிக்கத் தனியார் குழுவின் வண்டி, அதுவும் விதிகளின்படி எடை கூட்டப்பட்டு, எஞ்சினின் மூச்சு குறுக்கப்பட்டு ஓடியது. வண்டி மாறியது, முதலாளி மாறினார், மொழியும் தேசமும் வேறான சகாக்கள் வந்து போனார்கள்; மாறாமல் இருந்த ஒரே அம்சம் அந்த டேனிஷ்காரர். நல்ல வண்டி யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை உண்டு: எவனுடைய கையில் வண்டி பத்திரமாக இருக்கும் என்று முதலாளி நம்புகிறாரோ அவனுக்கே கிடைக்கிறது.

கம்பெனிச் சம்பளம் பெறும் பாக்கியம் சிலருக்கே வாய்ப்பது. ஏனைய தொழில்முறை ஓட்டுநர்களுடைய பிழைப்பு வேறு விதமானது. ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு தரமாகச் சர்வதேச மோட்டார் சம்மேளனம் பிரித்திருக்கிறது. பல வகுப்புகளில் ஒவ்வொரு வண்டியிலும் கீழ் வரிசையைச் சேர்ந்த ஒருவராவது ஓட்ட வேண்டும் என்பது கட்டாயம். அந்த வெண்கல ஓட்டுநர் பெரும்பாலும் வேறு தொழிலில் செல்வம் ஈட்டி, ஆசையினால் பந்தயத்துக்கு வந்த கனவான். வண்டியின் செலவில் பெரும்பங்கு அவருடையதே. தொழில்முறை ஓட்டுநர் அவருக்கு ஆசிரியராகவும் தோழனாகவும் இருந்து, பிரேக் போட வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்து, அவர் இழந்த நிமிஷங்களைத் தாம் மீட்டு, அதைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாதிருக்க வேண்டும். வேகத்துக்குக் கொடுக்கும் கூலியைப் போலவே பொறுமைக்கும் கூலி கொடுக்கப்படும் தொழில் இது.

மரணம் இந்தத் தொழிலின் நிழல். தனியாக ஓட்டிய அந்த லெவெக், 1955-இல் மெர்சிடிஸ் வண்டியில் லெ மானுக்கு வந்து, அது மக்கள் கூட்டத்தினுள் சிதறிய விபத்தில் உயிரிழந்தார். அவரோடு பார்வையாளர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1969-இல், ஓட்டுநர்கள் பாதையின் குறுக்கே ஓடிச் சென்று வண்டியில் தாவிப் புறப்படும் பழைய முறையை எதிர்த்து, இளைஞரான ஜாக்கி இக்ஸ் நடந்தே சென்று, பெல்ட்டை நன்றாக மாட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்டார். அவசரத்தில் புறப்பட்ட ஒருவர் அன்று முதல் சுற்றிலேயே இறந்தார். கடைசியாகப் புறப்பட்ட இக்ஸோ மறுநாள் நூற்றுச் சொச்சம் மீட்டர் வித்தியாசத்தில் ஜயித்தார். கிறிஸ்டென்சனுடைய முதல் வெற்றியின் துணைவரான அல்போரெட்டோ 2001-இல் சோதனை ஓட்டத்தில் மாண்டார். 2013-இல், தம் தகப்பனார் காலமான அதே ஆண்டில், பந்தயம் தொடங்கிய சில நிமிஷங்களிலேயே சக டேனிஷ் வீரர் ஆலன் சைமன்சன் இறந்த செய்தியைச் சுமந்துகொண்டே கிறிஸ்டென்சன் தம் ஒன்பதாவது வெற்றியை ஓட்டி முடித்தார். அதைச் சைமன்சனுக்கே காணிக்கையாக்கினார். அடுத்த ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றார்.

நீண்டநேரப் பந்தயத்தோடு தமிழகத்துக்கும் சிறு தொடர்பு உண்டு. 2009-இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் லெ மானில் ஓட்டத் தயாராக இருந்தார். பந்தயம் தொடங்குவதற்குமுன் பிட் சுவரிலிருந்து குதிக்கையில் தோள்மூட்டு விலகி அவரால் ஓட்ட முடியாமற்போயிற்று. மூவர் சுமக்க வேண்டிய பாரத்தை மற்ற இருவரே சுமந்து, வண்டியை ஏழாவது இடத்தில் கொண்டு சேர்த்தார்கள். சென்னையின் கருண் சந்தோக் 2012-இல் டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் ஓட்டி ஆறாம் இடம் பெற்றார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு நடிகர் அஜித் குமார் தம் குழுவோடு சென்றார். பயிற்சியின்போது விபத்து நேரவே, குழுவின் நன்மையைக் கருதி அந்த வண்டியை ஓட்டுவதிலிருந்து தாம் விலகிக்கொண்டார். அது தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

அந்தச் செய்தியைத் தமிழ்நாடே கொண்டாடியது, கொண்டாடத்தக்கதே. ஆனால் அந்த வண்டியை ஓட்டியவர்கள் மாத்தியூ டெட்ரி, ஃபேபியன் டஃபியூ, கேமரான் மெக்லியாட் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? விலகிக்கொண்டவர் செய்த காரியத்தின் பொருளை உணர்ந்திருந்தால், அவர் யாருக்கு இடம் விட்டாரோ அந்தப் பெயர்களையும் நாம் கேட்டிருப்போம். நாயகன் ஒருவன், மற்றவர் பரிவாரம் என்ற பழக்கத்திலேயே நம் விளையாட்டுச் செய்திகளும் பரிசுகளும் பாராட்டு விழாக்களும் நடைபெறுகின்றன. அறுவைச் சிகிச்சைக் கூடம், ரயில் இயக்கம், விண்வெளி ஆராய்ச்சி என்று இக்காலத்துப் பெருங்காரியங்கள் அனைத்தும் ஒரு கை மற்றொரு கையிடம் பழுதின்றி ஒப்படைப்பதால் நடப்பவை. அவற்றுக்கு வேண்டிய குணத்தை ஒற்றை நாயகனைத் துதிக்கும் பழக்கம் வளர்க்காது. ஆகவே நம் பத்திரிகைகளுக்கு ஒரு விண்ணப்பம்: நீண்டநேரப் பந்தயத்தின் முடிவை வெளியிடும்போது ஒரு வண்டிக்கு மூன்று பெயர்களையும் எழுதுங்கள். ஒன்பது முறை லெ மானை ஜயித்தவருடைய சாதனையையே அந்தப் பதினொரு பெயர்கள் இல்லாமல் எழுத இயலாதென்றால், மற்றவர்களுக்கு மாத்திரம் ஏன் விதிவிலக்கு?